பிள்ளைக்கு மயக்கம் குடுத்து ஸ்கேன் எடுக்கிறது: மூச்சுப் பாதை பற்றி அம்மா அப்பாமார் என்னட்ட கேட்ட கேள்விகள்

நான் கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில, ஸ்கேன் ரூமுக்குப் பக்கத்தில, மயக்கம் குடுத்த பிள்ளைகள் கண் முழிக்கிற இடத்தில வேலை செய்ற நர்ஸ். எங்கட யூனிட்டில தமிழ் கதைக்கிற ஆக்கள் குறைவு, அதால கொட்டாஞ்சேனையில இருந்து வாற அம்மாவும் சரி, வவுனியாவில இருந்து இரவு பஸ் பிடிச்சு விடியக்காலையில வந்து இறங்குற அப்பாவும் சரி, கடைசியா என்னட்டதான் வந்து நிப்பாங்க. கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். கொரிடோரில நிண்டுகொண்டு ரெண்டு நிமிஷத்தில சொல்லி முடிக்க ஏலாத விஷயம் இது, அதாலதான் இருந்து எழுதுறன். உங்கட பிள்ளைக்கு என்ன மருந்து, எவ்வளவு எண்டதை முடிவு பண்றது பிள்ளையைப் பாக்கிற டொக்டர்தான், இதை வாசிச்சிட்டு நீங்களா ஒண்டும் குடுக்கவும் வேணாம் நிப்பாட்டவும் வேணாம்.

ஸ்கேன் தானே மிஸ், வெட்டுக் கொத்து ஒண்டும் இல்லையே, பிறகு ஏன் மயக்கம்?

நோவுக்காக இல்லை, அசையாம இருக்கிறதுக்காக. எம்ஆர்ஐ எண்டா அரை மணித்தியாலம், சிலநேரம் ஒரு மணித்தியாலம், ஒடுக்கமான குழாய்க்குள்ள, 100 டெசிபலுக்கு மேல போற சத்தத்தில, தலையைக்கூட ஆட்டாமப் படுக்கணும். 3 வயசுப் பிள்ளை அப்படிப் படுக்குமா சொல்லுங்க. ஒருக்கா அசைஞ்சா படம் கலங்கிடும், திரும்ப முதல்ல இருந்து எடுக்கணும்.

சீடி ஸ்கேன் வேற கதை. இப்ப இருக்கிற மெஷின்கள்ல படம் எடுக்கிற நேரம் சில செக்கன்தான், அதால கனக்கப் பிள்ளைகளுக்கு மயக்கமே தேவைப்படாது. அல்ட்ராசவுண்டுக்கு அனேகமா ஒண்டுமே வேணாம்.

மயக்கம் எண்டா நித்திரை தானே? வீட்டிலயும் அடிச்சுப் போட்ட மாதிரித்தான் நித்திரை கொள்றான், என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விதான் எல்லாத்துக்கும் அடித்தளம், கொஞ்சம் பொறுமையா வாசிங்க. மூக்குக்குப் பின்னால இருந்து குரல்வளை வரைக்கும் உள்ள தொண்டைக்கு எலும்புச் சுவர் இல்லை, முழுக்க சதைதான். நாக்கு, உள்நாக்கு இருக்கிற மெல்லிய அண்ணம், குரல்வளை மூடி, சுத்தி இருக்கிற தசை, இதெல்லாம் ஒரு இறுக்கத்தோட நிக்கிறதாலதான் அந்தப் பாதை திறந்து கிடக்கு. கடையில செவ்விளநீருக்குப் பேப்பர் ஸ்ட்ரோ குடுப்பாங்க தானே, ஊறிப்போன பிறகு இழுத்துக் குடிச்சுப் பாருங்க, இழுக்க இழுக்க அது ஒட்டிக்கொள்ளும், இன்னும் பலமா இழுத்தா முழுசா மூடிடும். மயக்க மருந்து தொண்டைக்குச் செய்றது அதைத்தான், சுவரை ஊற வைக்குது. நெஞ்சு மூச்சை இழுக்கும், ஆனா மேல பாதை ஒட்டிப்போய் இருக்கும்.

வீட்டு நித்திரையிலயும் தசை கொஞ்சம் தளரும்தான், இல்லை எண்டு சொல்லல. ஆனா அங்க மூளை காவல் இருக்கு, மூச்சு கொஞ்சம் அடைச்ச உடனே பிள்ளை புரண்டு படுக்கும், வாயைத் திறக்கும், அல்லது முழிச்சு அழும். மருந்து அந்தக் காவலையும் சேர்த்துத் தூங்க வைக்கும். பாதையும் ஒடுங்கும், ஒடுங்கினது மூளைக்கும் லேட்டாத்தான் தெரியும், தெரிஞ்சாலும் புரண்டு படுக்க உடம்பு கேக்காது. அதோட சில மருந்துகள் மூச்சு எடுக்கச் சொல்ற கட்டளையையே குறைச்சிடும். அதால மயக்கம் குடுத்த பிள்ளைக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு ஆள் முழிச்சிருக்கணும், பிள்ளைக்காக முழிச்சிருக்கிற ஆள்.

பெரியவங்களுக்கும் இதே மருந்து தானே குடுக்கிறாங்க, பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயப்படுறீங்க?

சின்னப் பிள்ளை எண்டா சின்ன சைஸ் பெரிய ஆள் இல்லை. தலை உடம்புக்குப் பெரிசு, அதுவும் பின்மண்டை, நேரா படுக்க வச்சா கழுத்து தானாவே முன்னுக்கு மடியும், மடிஞ்சா பாதையும் மடியும். வாய்க்குள்ள நாக்கு எடுக்கிற இடம் கூட. குரல்வளை கழுத்தில உயரத்தில இருக்கும். அதோட 3 வயசில இருந்து 6, 7 வயசு வரைக்கும் டொன்சிலும் அடினொய்டும் (மூக்குக்குப் பின்னால இருக்கிற சதை) தொண்டை அளவோட பாக்கேக்க ரொம்பப் பெரிசா இருக்கிற காலம், எம்ஆர்ஐக்கு மயக்கம் தேவைப்படுற வயசும் கிட்டத்தட்ட அதேதான்.

இன்னொண்டு, கணக்கு. குழாயின் ஆரம் பாதியானா காத்து போறதுக்குரிய தடை 2 மடங்கு இல்லை, 16 மடங்கு கூடும். 4 மில்லிமீட்டர் அகலமான கைக்குழந்தையின் மூச்சுக்குழாய்ல சுத்திவர 1 மில்லிமீட்டர் வீக்கம் வந்தா அந்த 16 மடங்கு நடக்கும், 8 மில்லிமீட்டர் குழாய் எண்டா அதே வீக்கத்துக்கு 3 மடங்குதான், பெரியவரின் மூச்சுக்குழாய் அதைவிடவும் அகலம். அதுக்கு மேல ஒக்சிஜன் செலவும் கூட, பெரியவருக்கு ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 3 மில்லிலீட்டர் அளவில போகுதெண்டா கைக்குழந்தைக்கு 6 அளவில போகும், நுரையீரல்ல சேமிப்போ குறைவு. மூச்சு நிண்டா பெரியவர்ட்ட கிடைக்கிற அவகாசம் பிள்ளைட்ட கிடைக்காது. பயம் எண்டு நீங்க பாக்கிறது இந்தக் கணக்கைத்தான்.

என்ன மருந்து குடுப்பாங்க? எது தொண்டைக்கு நல்லது?

ஒரே ஒரு நல்ல மருந்து எண்டு இல்லை, ஒவ்வொண்டுக்கும் ஒரு குணம். பழைய சிரப் க்ளோரல் ஹைட்ரேட், 1832ல லீபிக் எண்ட ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடிச்சது, 1869ல இருந்து தூக்க மருந்தா பாவிக்கிறாங்க, ஊசி தேவையில்லை எண்டதுதான் அதின்ட பெரிய வசதி. ஆனா கசப்பு, சில பிள்ளைகள் சத்தி எடுத்திடும், எவ்வளவு உள்ள போச்சு எண்டே தெரியாமப் போகும், அதோட உடம்பை விட்டுப் போகக் கன நேரம் எடுக்கும் (வீட்டை போற கேள்வியில இதுக்குத் திரும்ப வாறன்). மிடசோலம் பயத்தைக் குறைக்கும், தனிய குடுத்தா எம்ஆர்ஐக்குக் கனக்கப் பிள்ளைகளுக்குக் காணாது, சில பிள்ளைகள் தூங்காம எதிர்மாறா மூர்க்கமாகும். அதோட ஓபியொயிட் வகை நோ மருந்து சேர்ந்தா மூச்சு நிக்கிற ஆபத்து நல்லா கூடும்.

ப்ரொபபோல், பால் மாதிரி வெள்ளையா இருக்கிற ஊசி, கனக்க இடங்கள்ல எம்ஆர்ஐக்கு இதைத்தான் விரும்புவாங்க, உடன தூங்கும், நிப்பாட்டினா கெதியா முழிக்கும். ஆனா தொண்டையை ஊற வைக்கிறதில இது கெட்டிக்காரன். மயக்கத்தில இருக்கிற பிள்ளைகளை எம்ஆர்ஐலயே படம் பிடிச்சுப் பாத்ததில மருந்து கூடக் கூடப் பாதை ஒடுங்கிக்கொண்டு போனது, கூடுதலா ஒடுங்கினது குரல்வளை மூடி மட்டத்தில. நாக்கு பின்னால விழுறதுதான் காரணம் எண்டு முந்தி எல்லாரும் சொல்லுவாங்க, நாக்கு மட்டும் இல்லை எண்டு அந்தப் படங்கள் காட்டிச்சு.

டெக்ஸ்மெடிடோமிடின் இயற்கை நித்திரைக்கு ஓரளவு கிட்ட வாற மருந்து, மூச்சை அவ்வளவா அமத்தாது, மூக்காலயும் விடலாம், ஆனா இதயத் துடிப்பைக் குறைக்கும், தூங்கவும் முழிக்கவும் லேட்டாகும். கெட்டமீன் தொண்டைத் தசையின் இறுக்கத்தை மற்றதுகளைவிட நல்லா வச்சிருக்கும், ஆனா எச்சில் கூட ஊறும், குரல்வளை இறுகுற ஆபத்தும் இருக்கு, பிள்ளை கை காலை அசைக்கவும் செய்யும், அது எம்ஆர்ஐக்குச் சரிவராது. செவோஃப்ளூரேன் மாஸ்க்கால குடுக்கிற வாயு, அது முழு மயக்கம். மிடசோலத்துக்கும் ஓபியொயிட்டுக்கும் எதிர் மருந்து இருக்கு, க்ளோரலுக்கும் ப்ரொபபோலுக்கும் இல்லை, அதுகள் தானா இறங்கிற வரைக்கும் மூச்சை நாங்கதான் பாத்துக்கொள்ளணும்.

குறட்டை விடுவான் மிஸ், நல்ல நித்திரை எண்டுதான் நினைச்சோம். இதையெல்லாம் சொல்லணுமா?

சொல்லணும். முதல்ல சொல்லணும். யாரும் கேக்காட்டியும் சொல்லணும். குறட்டை எண்டது மேல சொன்ன அந்த ஸ்ட்ரோ இப்பவே பாதி ஒட்டிப் பாதி திறந்து அடிக்கிற சத்தம். மருந்து இல்லாமலே வீட்டில ஒட்டுற தொண்டை மருந்து போனா எப்படி ஒட்டும் எண்டு யோசிங்க. தடிமன் நேரம் மட்டும் வாற குறட்டை வேற, கிழமையில முக்கால்வாசி இரவு வாற குறட்டை வேற. குறட்டை ஓடிக்கொண்டிருந்து திடீரெண்டு சத்தம் நிண்டு, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, பிறகு ஒரு விக்கலோட திரும்ப மூச்சு வருதா? வாயைத் திறந்துகொண்டு, கழுத்தைப் பின்னால வளைச்சுக்கொண்டு படுக்கிறானா? இரவில வேர்த்துக் கொட்டுதா, பெரிய பிள்ளையா இருந்தும் படுக்கையை நனைக்கிறானா? இவ்வளவும் நித்திரையில மூச்சடைக்கிற வருத்தத்தின்ட அறிகுறிகள்.

நான் வேலைக்கு வந்த புதுசில ஒரு 5 வயசு மகன், தலை எம்ஆர்ஐ. குறட்டை இருக்கா எண்டு கேட்டதுக்கு இல்லை எண்டு அம்மா சொன்னா, அவவைப் பொறுத்தவரை அது உண்மை, வீட்டில தாத்தாவும் அப்படித்தான் குறட்டை விடுவார், அது அவவுக்கு வருத்தமாத் தெரியவே இல்லை. மருந்து போய் கொஞ்ச நேரத்திலயே பாதை அடைச்சிட்டு, தாடையைத் தூக்கி மாஸ்க் பிடிச்சு எல்லாம் சரியாச்சு, ஸ்கேன் மட்டும் அண்டைக்கு நடக்கல. முழிச்ச பிறகுதான் அம்மம்மா சொன்னா, இரவில இவன் மூச்சு நிண்டு நிண்டு வரும், நான் எழுப்பி எழுப்பி விடுவன் எண்டு. அண்டையில இருந்து நான் கேள்வியையே மாத்திட்டன், குறட்டை இருக்கா எண்டு கேக்கிறதில்லை, பிள்ளையோட பக்கத்தில படுக்கிறது யாரு, அவங்களோட கதைக்க ஏலுமா எண்டுதான் கேக்கிறன்.

எந்த மெஷினும் உங்கட பிள்ளையை இரவு 2 மணிக்குப் பாத்ததில்லை, நீங்க பாத்திருக்கிறீங்க. ஸ்கேனுக்கு முந்தி ஒரு இரவு போனில ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க, முகமும் நெஞ்சும் தெரியிற மாதிரி, சத்தத்தோட. அதைக் கொண்டுவந்து மயக்க டொக்டருக்குக் காட்டுங்க.

கொஞ்சம் தடிமன் இருக்கு. 2 மாசம் காத்திருந்து கிடைச்ச டேட், சொல்லாம விடலாமா?

உங்கட கஷ்டம் விளங்குது, லீவு போட்டு, பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்து திரும்பிப் போறது லேசான விஷயம் இல்லை. எண்டாலும் மறைக்காதீங்க. சளி பிடிச்ச மூச்சுப் பாதை கோவத்தில இருக்கிற பாதை. ஒரு சொட்டு எச்சில் குரல்வளையில பட்டாலே குரல் நாண்கள் ரெண்டும் இறுகிப் பொத்திக்கொள்ளும், காத்து உள்ளயும் போகாது வெளியிலயும் வராது, இதைத்தான் குரல்வளை இறுக்கம் எண்டு சொல்றது. தடிமன் இருக்கிற பிள்ளைகளுக்கும், இப்பதான் சுகமான பிள்ளைகளுக்கும் இது வாற வாய்ப்புக் கூட.

எல்லாத் தடிமனுக்கும் ஸ்கேனைத் தள்ளிப் போடுறதில்லை. காய்ச்சல் இல்லாம, தெளிஞ்ச மூக்குத்தண்ணி மட்டும் எண்டா டொக்டர் செய்யலாம் எண்டு சொல்லவும் கூடும். காய்ச்சல், பச்சைச் சளி, நெஞ்சில இழுப்பு, சோர்வு எண்டா பொதுவா 2 இல் இருந்து 4 கிழமை தள்ளுவாங்க. வீட்டிலயிருந்து வெளிக்கிடுறதுக்கு முதலே போன் பண்ணிக் கேளுங்க, பயணக் காசாவது மிஞ்சும். வீட்டில யாரும் சிகரெட் குடிச்சா அதையும் சொல்லுங்க, அந்தப் புகையும் பிள்ளையின் மூச்சுப் பாதையைக் கோவப்படுத்தும்.

முட்டு வருத்தம் இருக்கு, பம்ப் அடிக்கிறோம். அண்டைக்கு விடிய அடிக்கலாமா?

டொக்டர் நிப்பாட்டச் சொல்லாட்டி வழமை மாதிரி அடிங்க, பம்பையும் ஸ்பேசரையும் கையோட கொண்டு வாங்க. கடைசியா எப்ப இழுப்பு வந்தது, எப்ப வோர்ட்டில நிண்டது எண்டதைச் சொல்லுங்க.

பசியில கத்துறான், ஒரு வாய் பால் குடுத்தா என்ன?

முழிச்சிருக்கேக்க சாப்பாடு தப்பா மேல வந்தா இருமுவோம், விழுங்குவோம். மயக்கத்தில அந்தக் காவலும் தூங்குது, ரெண்டாவது கேள்வியில சொன்ன அதே காவல்தான். வயித்தில இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா மாதிரி வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் வரலாம். கனக்க ஆஸ்பத்திரிகள் சொல்ற கணக்கு: சாப்பாடு, பால்மா, பசும்பால் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4 மணித்தியாலம், தண்ணி மாதிரி அடி தெரியிற குடிபானம் 2 மணித்தியாலம். சில இடங்கள்ல இப்ப தண்ணிக்கு 1 மணித்தியாலம் வரைக்கும் விடுறாங்க. உங்களுக்குத் தந்த துண்டில என்ன எழுதியிருக்கோ அதுதான் உங்களுக்கு.

ஒண்டைக் கட்டாயம் சொல்லணும், பட்டினி போடுறது கூடிப்போறதும் பிழை. முதல்நாள் இரவு 8 மணியில இருந்து தண்ணியும் குடுக்காமக் கொண்டு வாறாங்க, பிள்ளை வாடிப்போய் நரம்பும் கிடைக்காது, மருந்து ஏத்துற கனூலா போட 4 தடவை குத்தணும். தண்ணி குடுக்கலாம் எண்ட நேரம் வரைக்கும் தண்ணி குடுங்க. அதோட வீட்டில எல்லாருக்கும் சொல்லுங்க, அம்மம்மா பாவம் பாத்து ஓட்டோவில வைச்சு ஒரு மாரி பிஸ்கட் குடுத்து, அதை யாரும் சொல்லாம விட்டு, கடைசி நேரத்தில பிள்ளையே "பிஸ்கட் சாப்பிட்டேன்" எண்டு சொல்லி ஸ்கேன் நிண்டதை நான் பாத்திருக்கிறன். பிள்ளை சொன்னது எங்களுக்கு நல்ல காலம்.

நாங்களே பிரிட்டோன் குடுத்துத் தூங்க வச்சுக் கொண்டு வந்தா மயக்கம் குறைவாக் காணும் தானே?

வேணாம், தயவு செய்து வேணாம். பிரிட்டோன், பினகன் மாதிரி அலர்ஜி மருந்துகளும் தூக்கம் தாற மருந்துதான், அதுக்கு மேல எங்கட மருந்தும் சேர்ந்தா ரெண்டும் கூட்டாச் சேர்ந்து மூச்சை அமத்தும். பினகன் 2 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளுக்குக் குடுக்கவே கூடாது எண்டு 2004லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடும் எச்சரிக்கை போட்டது, காரணம் மூச்சு அமுங்குறதுதான். ஏற்கெனவே குடுத்திட்டீங்க எண்டா எத்தனை மணிக்கு, எவ்வளவு எண்டதைச் சொல்லுங்க, யாரும் ஏச மாட்டாங்க. வலிப்பு மருந்து குடிக்கிற பிள்ளை எண்டா அது வேற, அதை டொக்டரிட்டக் கேக்காம நிப்பாட்டாதீங்க.

முதல் நாள் கொஞ்சம் லேட்டாப் படுக்க வச்சு விடிய நேரத்தோட எழுப்பிக் கொண்டு வாங்க எண்டு யூனிட்டில சொல்லியிருந்தா அப்படிச் செய்யலாம், அதில பிழை இல்லை.

மயக்கம் இல்லாம எடுக்க வழியே இல்லையா?

இருக்கு, நானும் முதல்ல அதைத்தான் விரும்புவன். 3 மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தையைக் கனக்கத் தடவை பால் குடுத்து, துணியால இறுக்கிச் சுத்தி, காதைப் பொத்தி, இயற்கையாத் தூங்க வச்சே எம்ஆர்ஐ எடுக்கலாம், மருந்தே இல்லாததால அங்க பால் பிரச்சினை இல்லை. 6, 7 வயசுக்கு மேல எண்டா முன்னாடியே பழக்கலாம். யூடியூபில எம்ஆர்ஐ சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க, கட்டிலுக்குக் கீழ படுக்க வச்சு "சிலை விளையாட்டு" விளையாடுங்க, எத்தனை நிமிஷம் அசையாம இருக்கிறான் எண்டு எண்ணுங்க. வெள்ளவத்தையில இருந்து வந்த ஒரு 6 வயசு மகள் வீட்டில 20 நிமிஷம் பழகிட்டு வந்து ஒரு சொட்டு மருந்து இல்லாம முழு ஸ்கேனையும் முடிச்சா. பிள்ளைக்கு ஏலும் எண்டு உங்களுக்குத் தோணினா டொக்டரிட்டக் கேளுங்க.

ஒக்சிஜன் போட்டிருக்கு, விரல்ல மெஷின் 99 காட்டுது, பிறகு என்ன பயம்?

விரல்ல மாட்டுறது இரத்தத்தில எவ்வளவு ஒக்சிஜன் இருக்கு எண்டதைத்தான் காட்டும், பிள்ளை மூச்சு எடுக்குதா எண்டதை இல்லை. ஒக்சிஜன் குடுத்துக்கொண்டிருக்கேக்க மூச்சு குறைஞ்சாலும், ஏன் நிண்டாலும்கூட, அந்த நம்பர் கொஞ்ச நேரம் 99லயே நிக்கும், பிறகு ஒரேயடியா விழும். அதுக்குள்ள கரியமிலவாயு உடம்பில சேர்ந்துகொண்டே இருக்கும்.

அதால மூக்கடியில ஒரு மெல்லிய குழாய் வச்சு வெளிய வாற கரியமிலவாயுவை அளப்பாங்க, கேப்னோகிராஃபி எண்டு பேர், ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில ஒரு மேடு வரும், மூச்சு நிண்டா மேடும் நிக்கும். விரல் மெஷின் சொல்றதுக்கு முந்தியே இது சொல்லிடும். ஸ்கேனுக்கு முதல் "கேப்னோ போடுவீங்களா" எண்டு கேளுங்க, நல்ல கேள்வி அது.

மெஷினுக்குள்ள பிள்ளை தனிய, மூச்சடைச்சா யாருக்குத் தெரியும், என்ன செய்வாங்க?

எம்ஆர்ஐக்குள்ள சாதாரண மொனிட்டர் கொண்டு போக ஏலாது, காந்தம் இழுக்கும், அதுக்கெண்டு செய்த மொனிட்டரும் இரும்பில்லாத ஒக்சிஜன் சிலிண்டரும்தான். 2001ல நியூயோர்க்கில மயக்கத்தில ஸ்கேனுக்குள்ள இருந்த 6 வயசுப் பிள்ளை, ரூமுக்குள்ள கொண்டு வந்த இரும்பு சிலிண்டரைக் காந்தம் இழுத்து அடிச்சதில இறந்து போச்சு. வாசல்ல உங்கட வளையல், ஹெயார் கிளிப், போன், சாவி எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுக் கழட்டுறது இதாலதான்.

பாதை அடைச்சா முதல் வேலை மருந்தில்லை, கைதான். நாடியைத் தூக்கி, தாடையை முன்னுக்குத் தள்ளி, தோளுக்குக் கீழ மடிச்ச துவாய் வைக்கிறது. அடைப்பு அனேகமா அதோட திறக்கும். பிள்ளையைப் பக்கவாட்டில திருப்பினா இன்னும் திறக்கும், டொன்சில் பெரிசான பிள்ளைகளுக்குக் கூட. காணாட்டி ஸ்கேனை நிப்பாட்டி, கட்டிலை வெளிய இழுத்து, மாஸ்க்கும் பையும் வச்சு மூச்சுக் குடுப்பாங்க. குரல்வளை இறுகினாலும் முதல்ல மாஸ்க்கால அழுத்தத்தோட ஒக்சிஜன்தான், பிறகுதான் ஊசி.

எங்கட பிள்ளைக்கு மட்டும் டியூப் போடுவம் எண்டு சொன்னாங்க, நிலைமை மோசம் எண்டதாலயா?

அனேகமா இல்லை. குறட்டை, பெரிய டொன்சில், சின்னத் தாடை, நீண்ட ஸ்கேன், இப்படி ஏதாவது இருந்தா மெஷினுக்குள்ள பாதை அடைச்சு அவசரமா ஓடுறதைவிட, ஆரம்பத்திலயே முழு மயக்கம் குடுத்துத் தொண்டையில மென்மையான மாஸ்க்கோ மூச்சுக்குழாய்க்குள்ள டியூபோ வைக்கிறது பாதுகாப்பு. லேசான மயக்கம் எண்டு தொடங்கிறது ஆழமான மயக்கமா வழுக்கிப் போறது பிள்ளைகள்ல சர்வ சாதாரணம், ரெண்டுக்கும் நடுவில கோடு போட ஏலாது. அதால "கூட மருந்து" எண்டா "கூட ஆபத்து" எண்டு எப்பவும் அர்த்தம் இல்லை. முழிச்ச பிறகு ஒரு நாள் தொண்டை நோகலாம், குரல் கரகரக்கலாம்.

டவுன் சின்ட்ரோம் இருக்கு. குறைமாசத்தில பிறந்தது. இவங்களுக்கு ஏலுமா?

ஏலும், ஆனா ஆயத்தம் வேற. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளுக்கு வாய் அளவுக்கு நாக்குப் பெரிசு, தசை இயல்பிலயே தளர்வு, அடினொய்ட் பிரச்சினையும் கூட, அதோட கழுத்தின் மேல் மூட்டு இளகி இருக்கக்கூடும், கழுத்தை மெதுவாத்தான் கையாளணும். இதயத்தில ஓட்டை இருந்ததா எண்டதையும் சொல்லுங்க. குறைமாசக் குழந்தைகளுக்கு மயக்கத்துக்குப் பிறகு மூச்சு தானா நிண்டு நிண்டு வரலாம், அதால கருவில இருந்த கிழமையையும் பிறந்த பிறகு போன கிழமையையும் கூட்டி 60 ஆகிற வரைக்கும் பொதுவா ஒரு இரவு வோர்ட்டில வச்சுப் பாப்பாங்க, சில இடங்கள்ல இந்த எண்ணிக்கை கொஞ்சம் குறையும்.

மூளை வளர்ச்சி பாதிக்கும் எண்டு போனில ஒரு மெசேஜ் வந்தது, உண்மையா?

அந்த மெசேஜில பாதிதான் இருக்கு. 2016 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சொன்னது: 3 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல, அல்லது திரும்பத் திரும்ப மயக்க மருந்து குடுத்தா மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அதுக்குப் பிறகு கைக்குழந்தைகள்ல செய்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒண்டு, 2019ல லான்செட்டில வந்தது, ஒரு மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச ஒரு தடவை மயக்கத்தால 5 வயசில புத்தியில வித்தியாசம் தெரியல எண்டு காட்டிச்சு. ஒரு ஸ்கேன் அனேகமா அந்தக் கணக்குக்குள்ளதான் வரும். வலிப்பு ஏன் வருது, கட்டி இருக்கா எண்டு தெரியாம விடுறதுதான் எனக்குக் கூடப் பயமான விஷயம்.

கண் முழிச்சிட்டான், ஓட்டோவில உடன வீட்டை கூட்டிக்கொண்டு போகலாமா?

கண் முழிக்கிறது மட்டும் காணாது. உங்களை அடையாளம் தெரியணும், தலையைத் தானா நிமிர்த்தி வச்சிருக்கணும், குடிச்சதைச் சத்தி எடுக்காம வச்சிருக்கணும், சும்மா விட்டா உடன திரும்பத் தூங்கிப் போகாம இருக்கணும். க்ளோரல் குடிச்ச பிள்ளைகள்ல நான் கூடக் கவனமா இருப்பன், உடம்புக்குள்ள அது மாறி உருவாகிற பொருள் பெரியவங்களுக்கே பாதியாக் குறைய 8 மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், பிறந்த குழந்தைக்கு அதைவிட நல்லா நீளும். வோர்ட்டில முழிச்ச பிள்ளை வாகன ஆட்டத்தில திரும்ப ஆழமாத் தூங்கும், இருந்தபடி தூங்கினா தலை முன்னுக்கு விழுந்து நாடி நெஞ்சில முட்டும், பாதை மடியும். இப்படி வீட்டை போற வழியில உயிர் போன பிள்ளைகளின் கதைகள் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு.

அதால ரெண்டு பெரியவங்க வாங்க, ஒருத்தர் வாகனம் ஓடினா மற்றவர் பின்னால இருந்து பிள்ளையின் தலையையும் மூச்சையும் மட்டும் பாக்கணும். ஓட்டோ தவிர வழி இல்லை எண்டா முழுசாத் தெளியிற வரைக்கும் இருந்து போங்க, பின்னேரம் கோல் ரோட் ட்ரபிக்கில ஒரு மணித்தியாலம் நிக்க வரும் எண்டதையும் கணக்கில எடுங்க. தூர ஊருக்கு அண்டைக்கே பஸ் ஏறாதீங்க, ஏலுமெண்டா கொழும்பில சொந்தக்காரர் வீட்டில ஒரு இரவு நில்லுங்க. வீட்டில பக்கவாட்டில படுக்க வையுங்க, அண்டைக்கு இரவு பக்கத்தில படுங்க. எழுப்ப எழும்பாட்டி, உதடு நீலமானா, மூச்சு இழுக்கேக்க விலாவுக்கிடையில குழி விழுந்தா யோசிக்காம 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க.

மயக்கத்தில எடுத்த படத்தில தொண்டை ஒடுக்கம், நுரையீரல்ல நிழல் எண்டு எழுதியிருக்கு. அது வருத்தமா, மருந்தா?

கெட்டித்தனமான கேள்வி, ஒரு அப்பா கேட்டவர். ரெண்டும் இருக்கலாம். தொண்டையைப் பாக்கவே எடுக்கிற ஸ்கேன்ல ப்ரொபபோல் குடுத்தா மருந்தே பாதையை ஒடுக்கும், இல்லாத ஒடுக்கத்தைக் காட்டக்கூடும், நித்திரை மூச்சடைப்புக்காக எடுக்கிற எம்ஆர்ஐக்கு டெக்ஸ்மெடிடோமிடினை விரும்புறது அதாலதான். நெஞ்சு சீடியிலயும் அப்படித்தான், மயக்கத்தில ஆழமா மூச்சு எடுக்காததால நுரையீரலின் பின்பக்கம் சுருங்கி நிழலா விழும், அது சளி மாதிரியே தெரியும். ரிப்போர்ட்டை விளங்கப்படுத்துற டொக்டரிட்ட, மயக்கத்தில எடுத்த படம், இன்ன மருந்து குடுத்தது எண்டு சொல்லுங்க. மருந்தின் பேரைக் கேட்டு எழுதி வச்சுக்கொள்ளுங்க, அடுத்த தடவைக்கும் அது உதவும்.

எல்லாம் சிங்களத்தில சொன்னாங்க, பாதி விளங்கல, சைன் வச்சிட்டேன். இனி என்ன செய்றது?

சைன் வச்ச பிறகும் கேக்கலாம், மருந்து ஏத்துற நிமிஷம் வரைக்கும் கேக்கலாம். 1987ல 13ஆம் திருத்தம் வந்ததில இருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில விளங்கப்படுத்தச் சொல்லிக் கேக்கிறது உங்கட உரிமை, உதவி கேக்கிற மாதிரிக் கூனிக் குறுக வேணாம். தமிழ் தெரிஞ்ச நர்ஸோ, லேபர் அண்ணாவோ, பக்கத்துக் கட்டில் அம்மாவோ யாராவது இருப்பாங்க.

ஒருத்தரும் இல்லாட்டி இந்த நாலையும் ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்க. நித்திரையில குறட்டை விடுவான் எண்டதுக்கு "நிதாகத்தாம கொரவனவா". நித்திரையில மூச்சடைக்குது எண்டதுக்கு "நின்தெதி ஹுஸ்ம ஹிரவெனவா". தடிமன் இருக்கு எண்டதுக்கு "ஹெம்பிரிஸ்ஸாவ தியெனவா". விடிய 6 மணிக்குப் பால் குடிச்சான் எண்டதுக்கு "உதே ஹயட கிரி பிவ்வா". சொல்லிட்டு அவங்க அதை டிக்கட்டில (பிள்ளையின் ஆஸ்பத்திரிக் குறிப்பில) எழுதுறாங்களா எண்டு நிண்டு பாருங்க, எழுதாட்டி இன்னொருக்காச் சொல்லுங்க.